படகின் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

படகிலுள்ள மரத்தைக் கெடுப்பது எது என்று கேட்டால், பலரும் கடல்நீர் என்றே சொல்வார்கள். ஆனால், மரம் மக்கிப்போவதற்குக் கடல்நீரைவிட மழைநீரே பெரிய காரணம். இன்று நம் ஆறுகளிலும் கடலோரங்களிலும் ஓடும் சிறு படகுகளில் பல, ஃபைபர்கிளாஸால் ஆனவை. பார்த்தால் மரமே இல்லாததுபோல் தோன்றும். எனினும், அவற்றில் பலவற்றின் பின்பலகைக்குள் மரம் ஒளிந்திருக்கிறது.

பின்பலகை என்பது படகின் பின்புறத்தை அடைத்து நிற்கும் சுவர். அவுட்போர்டு இயந்திரத்தை அதில்தான் மாட்டுகிறார்கள். 40 குதிரைசக்தி இயந்திரத்தின் எடை மட்டுமே சுமார் 70 முதல் 100 கிலோ இருக்கும். படகைத் தள்ளும் விசை முழுவதும் இந்தச் சுவர் வழியாகத்தான் படகுக்குச் செல்கிறது. அதைத் தாங்குவதற்காக இரண்டு ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே தடித்த பிளைவுட் வைப்பது வழக்கம். அந்தப் பிளைவுட் இற்றுப்போனால், நடுக்கடலில் இயந்திரம் பிய்த்துக்கொண்டு போகலாம். பின்பக்கம் பிளந்து படகுக்குள் தண்ணீர் புகலாம்.

மரத்தை மக்க வைப்பது நீரல்ல, பூஞ்சை. அது வளர உணவு, ஈரம், ஆக்சிஜன், மிதமான வெப்பம் ஆகிய நான்கும் தேவை என்று பள்ளியில் படித்திருப்போம். மரத்திலுள்ள செல்லுலோஸ்தான் அதன் உணவு. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள மரத்தில் பூஞ்சை வளராது. 30 விழுக்காட்டை நெருங்கினால் செழித்து வளரும். நம் நாட்டு வெப்பம் ஆண்டு முழுவதும் அதற்குத் தோதானது. உப்பு மட்டும் அதற்கு ஆகாது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் கப்பல் கட்டியவர்கள், மரச் சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி அடைத்தார்கள். மழைநீரில் அந்த உப்பு இல்லை. போல்ட் துளை, வடிகால் அடைப்பானைச் சுற்றியுள்ள திருகுகள், மீன் தேடும் கருவிக்காகப் போட்ட ஒரு சிறு துளை என ஏதாவது ஒரு வழியில் அது பிளைவுட்டுக்குள் இறங்கிவிடும். இரண்டு ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய ஈரம் எளிதில் காயாது.

மீன்பிடிப்பதில் ஆர்வமுள்ள என் மாமா, சில ஆண்டுகள் சேர்த்த பணத்தில் பழைய படகு ஒன்றை வாங்கப் போனபோது நானும் உடன் சென்றேன். புதுச் சாயம் பளபளத்தது. மாமா சாயத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனார். அன்று அவர் செய்த சோதனைகள் இவை:

முதலில் கண். பின்பலகையின் மூலைகளிலும் இயந்திரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளைச் சுற்றியும் சிலந்திவலைபோல் விரிசல் உண்டா? துளைகளிலிருந்து பழுப்புநிறக் கறை வடிந்திருக்கிறதா? போல்ட் வாஷர் பலகைக்குள் அமுங்கியிருக்கிறதா?

அடுத்தது கை. இயந்திரத்தைப் பாதியளவு தூக்கி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்த வேண்டும். அப்போது இன்னொருவர் பின்பலகையைக் கவனிக்க வேண்டும். பலகை வளைந்து கொடுத்தால் ஆபத்து.

மூன்றாவது காது. சிறு பிளாஸ்டிக் சுத்தியலால் வரிசையாகத் தட்ட வேண்டும். நல்ல மரம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும். மக்கியது ‘தொப்’ என்று மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடங்களைப் பென்சிலால் குறித்தால், சேதம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியும். ஆனால், ஃபைபர்கிளாஸ் மரத்தைவிட்டுப் பிரிந்திருந்தாலும் ஒலி மந்தமாகத்தான் வரும். எனவே, ஒலியை மட்டும் நம்பி முடிவுசெய்யக்கூடாது.

உறுதிசெய்ய, உரிமையாளரின் அனுமதியோடு உட்புறத்தில் தாழ்வான இடமாகப் பார்த்துச் சிறு துளை இட வேண்டும். நீர் கீழேதான் தேங்கும். வெளிவரும் தூள் வெளிர்நிறமாக, உலர்ந்து இருந்தால் நல்லது. கருத்து ஈரமாகக் கூழ்போல் வந்தால் மரம் போய்விட்டது என்று பொருள். பிறகு அந்தத் துளையை எபோக்சியால் அடைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் சோதனைத் துளையே மழைநீருக்கு வழியாகிவிடும்.

அன்று துளை இடும் அளவுக்குப் போகவில்லை. வடிகாலைச் சுற்றி மந்தமான ஒலி கேட்டது. இயந்திரத்தை அழுத்தியபோது பலகையும் அசைந்தது. மாமா அந்தப் படகை வாங்கவில்லை. மக்கிய பிளைவுட்டைச் சாயம் பூசிச் சரிசெய்ய முடியாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவைக் கூட்டினால், படகின் விலை மலிவாக இருக்கவில்லை.

உங்கள் வீட்டில் படகு இருந்தால், இந்த வார இறுதியில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். தளர்ந்த திருகுகளைக் கழற்றி, கடல்சார் பசை இட்டு மீண்டும் முடுக்குங்கள். கரையில் ஏற்றியதும் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து, வடிகால் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். மழை பெய்தாலும் நீர் தேங்காமல் ஓடிவிடும்.