எலும்பு சிக்கியது போல் தெரிந்தால்...

மிங்கலா தாங்ஞுன்டில், 1906இல் திறந்த மிருகக்காட்சிசாலையை ஒட்டி, கண்டோஜி ஏரிக்கரையில் காலையில் நடக்கப் போனால் தெருநாய்களைத் தாண்டித்தான் வரவேண்டும். மிஞ்சிய சோற்றை அவற்றுக்கு வைப்பது இங்கே புண்ணியம். நம் வீடுகளிலும் அப்படித்தான்.

வெறிநாய் என்றால் நுரை தள்ளித் துரத்தும் என்றே நாம் நினைத்திருக்கிறோம். ஊமை வெறி என்றும் ஒன்று உண்டு. துள்ளி வருகிற நாய் மூலையில் முடங்கும். கிட்டே வராத நாய் வலிய வந்து ஒட்டும். தாடை தொங்கி எச்சில் வடியும். எலும்பு சிக்கியதோ என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிருமி இருப்பதே அந்த எச்சிலில்தான், அதுவும் அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே!

கடித்தாலோ பிராண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி போட்டு, எல்லாத் தவணையையும் முடியுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் போயிற்று, இப்போது கையில்தான். நோய் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

பிள்ளைகள் அடிக்குப் பயந்து கடிபட்டதை மறைப்பார்கள். விடுமுறைக்கு ரங்கூன் தாத்தா வீட்டுக்கு வருமுன், திட்டமாட்டோம் என்று அவர்களிடம் சொல்லி வைப்போம்.