வீட்டில் சார்ஜர் மாட்ட அரசு பணம் தருதா? பேட்டரி வண்டி வாங்குறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது!

புதுச்சேரி: பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினால் வீட்டில் சார்ஜர் மாட்டவும் அரசு தனியாக பணம் தரும் என்ற நினைப்பு பலருக்கும் இருக்கிறது. மூலக்குளத்தில் இருந்து மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு பக்கம் தினமும் வேலைக்கு போய் வருகிறவர்களுக்கு இந்த கணக்கு ரொம்ப முக்கியம். பெட்ரோல் காசை மிச்சம் பிடிக்கத்தானே வண்டியையே மாற்றுகிறார்கள்.

மத்திய அரசின் திட்டத்தில் வீட்டு சார்ஜருக்கு என்று தனி மானியம் கிடையாது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு 10 ஆயிரத்து 900 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் சார்ஜிங்குக்கு என்று வைத்த 2 ஆயிரம் கோடி, பொது இடங்களில் அமைக்கும் சார்ஜிங் நிலையங்களுக்குத்தான். வண்டிக்கு வந்த மானியமும் முதலில் அதிகபட்சம் 10 ஆயிரம் ரூபாய், 2025 ஏப்ரலில் இருந்து 5 ஆயிரம் என்று பாதியாக குறைந்தது. அதையும் ஷோரூம் பில்லிலேயே கழித்துக்கொள்வார்கள்.

அதனால், "ஆதாரும் கரண்ட் பில்லும் கொடுங்க, சார்ஜர் மானியம் வாங்கித் தர்றேன்" என்று யாராவது 500, 1000 கேட்டால் கொடுத்து ஏமாற வேண்டாம்.

திரும்பி வந்த சார்ஜர் காசு

சார்ஜர் விஷயத்தில் மக்கள் கைக்கு நேரடியாக பணம் வந்தது 2023-ல்தான். அதுவும் மானியமாக வரவில்லை. அப்போது இருந்த பேம்-2 திட்டத்தில் ஸ்கூட்டரின் ஆலை விலை ஒன்றரை லட்சத்தை தாண்டினால் மானியம் கிடையாது. சில கம்பெனிகள் சார்ஜரை தனி சாமானாக பில் போட்டு, வண்டி விலையை அந்த வரம்புக்குள் காட்டின. மத்திய கனரக தொழில் அமைச்சகம் கிடுக்கிப்பிடி போட்டதும், வாங்கின காசை வாடிக்கையாளருக்கே திருப்பித் தர ஒத்துக்கொண்டார்கள். ஏத்தர் சுமார் 140 கோடி, ஓலா சுமார் 130 கோடி என்று அப்போது கணக்கு சொல்லப்பட்டது. டி.வி.எஸ்., ஹீரோ விடா வண்டிக்காரர்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

இதில் புதுசாக வண்டி வாங்குகிறவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கு. சார்ஜர் விலை வண்டியோடு சேர்ந்ததா, தனியா என்று பில்லை பார்த்து கேட்டுக்கொள்வது நல்லது.

டெல்லியில் கதையே வேற. 2020 ஆகஸ்டில் கொண்டு வந்த மின்வாகன கொள்கையில், முதல் 30 ஆயிரம் சார்ஜிங் பாயிண்டுகளுக்கு தலா 6 ஆயிரம் ரூபாய் வரை அந்த மாநில அரசு கொடுத்தது. ஸ்கூட்டர், ஆட்டோவுக்கான சின்ன சார்ஜரை மானியம் போக சுமார் 2 ஆயிரத்து 500 ரூபாயில் மாட்டிக்கொள்ள முடிந்தது. நம்ம ஊர் சொந்தக்காரர்கள் நிறைய பேர் இருக்கும் பிரான்சிலும் 2021 முதல் 2025 கடைசி வரை வீட்டு சார்ஜருக்கு வருமான வரியில் கழிவு இருந்தது. முதலில் 300 யூரோ, 2024-ல் இருந்து 500 யூரோ வரை.

இங்கே என்ன லாபம்?

நமக்கு கிடைப்பது மறைமுக சலுகைகள். சார்ஜருக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இருந்தது, 2019 ஆகஸ்ட் 1 முதல் 5 சதவீதம். 10 ஆயிரம் ரூபாய் சார்ஜரில் 1,300 ரூபாய் மிச்சம்.

அதைவிட பெரிய சலுகை கரண்ட் ரேட்டில் இருக்கு. வீட்டில் வண்டிக்கு சார்ஜ் போட்டால் வீட்டு உபயோக கட்டணம்தான் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டி நெறிமுறை சொல்கிறது. இருக்கிற இணைப்பிலேயே போடலாம், தனி லைசென்சும் வேண்டாம். தினமும் 30 கிலோ மீட்டர் ஓட்டினால் ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகும். யூனிட் 7 ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 7 ரூபாய். லிட்டருக்கு 45 கிலோ மீட்டர் ஓடும் பெட்ரோல் வண்டிக்கு, லிட்டர் 96 ரூபாய் கணக்கில் 64 ரூபாய் ஆகும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாதம் 30, 35 யூனிட் கூடும்போது 100, 200, 300 என்ற படியில் ஏதாவது ஒன்றை தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு ரேட்டும் ஏறும். ஏசி ஓடுகிற வீடு என்றால் மேல் படியில்தான் விழும். அப்படிப்பட்டவர்கள் வண்டிக்கு மட்டும் தனி இணைப்பு கேட்கலாம். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதி இதற்கு வழி செய்கிறது. நகராட்சி பகுதியில் 7 நாளில் புது இணைப்பு தர வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் உள்ளது. மூலக்குளம் உழவர்கரை நகராட்சியில்தான் வருகிறது. விண்ணப்பிக்கும் முன்பு கரண்ட் ஆபீசில் ரெண்டு ரேட்டையும் கேட்டு கணக்கு போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வாடகை வீட்டுக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவரே ரேட் போட்டால், அரசின் குறைந்த படி ரேட் குடியிருப்பவர் கைக்கு வராது. வண்டி வாங்குவதற்கு முன்பே இதை ஓனரிடம் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

சொந்த மாடி உள்ளவர்களுக்கு சோலார் கைகொடுக்கும். பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோ வாட்டுக்கு 30 ஆயிரம், 2-க்கு 60 ஆயிரம், 3 மற்றும் அதற்கு மேல் 78 ஆயிரம் ரூபாய் மானியம். 1 கிலோ வாட் பேனல் வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். பகலில் கிரிடுக்கு போன கரண்ட் பில்லில் கழிந்துவிடும் என்பதால், ராத்திரி சார்ஜ் போட்டாலும் நஷ்டம் இல்லை.

ஒயர் பத்திரம்!

ஸ்கூட்டர் சார்ஜர் பெரும்பாலும் 1,000 வாட்டுக்குள்தான். ஆனாலும் மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். மாடி ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கவிட்டு சார்ஜ் போட்டால் ஒயர் சூடாகி உருகும் ஆபத்து இருக்கு. தரமான ஒயரில் 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், ஷாக் அடித்தால் உடனே கட் ஆகும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் வேண்டும். மழையில் நனையாத இடமாகவும் இருக்க வேண்டும்.

கார் என்றால் சாதாரண 16 ஆம்பியர் பிளக்கிலேயே 3.3 கிலோ வாட் வரை இழுக்கும், சுவரில் மாட்டும் பெட்டி 7.2 கிலோ வாட். சின்ன வீடுகளுக்கு வாங்கியிருக்கும் லோடு இதற்கு தாங்காது. கரண்ட் ஆபீசில் எழுதிக்கொடுத்து லோடை கூட்டின பிறகுதான் கார் சார்ஜரை மாட்ட வேண்டும்.