எட்டு வினாடி வயலின்

கிங் கிரிம்சன் குழுவின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' தொகுப்பைக் கேட்ட வாசகர் ஒருவருக்கு ஒரு சந்தேகம். உறையில் ஒரு வயலின் கலைஞர் பெயர்கூட இல்லையே, அத்தனை வயலின்களையும் வாசித்தது யார் என்று எழுதிக் கேட்கிறார். வாசித்தவர் ஒரே ஆள், இயன் மெக்டொனால்ட். வாசித்தது மெலோட்ரான் என்ற பெட்டி.

1969 அக்டோபரில் வெளிவந்த இந்தத் தொகுப்பைப் பற்றியும், உறையில் அலறும் அந்தச் சிவந்த முகத்தைப் பற்றியும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெட்டியின் மேல்தான் கண்.

அமெரிக்கரான ஹாரி சேம்பர்லினின் கருவியை அவருடைய விற்பனையாளரே இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அதிலிருந்து 1963இல் பர்மிங்காமில் உருவானது மெலோட்ரான். பணக்கார வீட்டுக் கூடங்களை நம்பிச் செய்தது. இளவரசி மார்கரெட்கூட ஒன்று வைத்திருந்தார். மார்க் 2 மாடலில் 70 கட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் தனி ஒலிநாடா, அதைப் படிக்கும் தனி ஹெட். உண்மையான கலைஞர்கள் ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்த நாடாக்கள் அவை. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். விட்டால், எங்கள் வீட்டில் வேலை பார்த்த ஆசாரியின் இரும்பு டேப் மாதிரி சரேலென்று பின்னால் போய்விடும்.

விசேஷம் இனிமேல்தான். நாடா வளையமாகச் சுற்றுவதில்லை. அதற்கு முனை உண்டு; சுமார் எட்டு வினாடியில் தீர்ந்துவிடும். விரல் அழுத்தியபடியே இருந்தாலும் சத்தம் நின்றுபோகும். ஆகவே நீளமாக இழுக்க வேண்டிய இடத்தில், முனை வருவதற்குள் விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். அழுத்தும்போதெல்லாம் வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உரசலும் திரும்பக் கேட்கும். நிறையக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டார் திணறி சுருதி லேசாக இறங்கும். இந்தத் தொகுப்பிலுள்ள 'எபிடாஃப்' பாடலின் துக்கத்தில் பாதி இந்தத் தள்ளாட்டம்தான் என்பேன்.

இப்போது மெலோட்ரான் கணினி மென்பொருளாகக் கிடைக்கிறது. எட்டு வினாடி வரம்பை நீக்கிவிடும் வசதியும் சிலவற்றில் உண்டு. நொண்டியை நேராக்கிய பிறகு அது என்ன மெலோட்ரான்? கேட்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஐந்தே பாடல், 44 நிமிடம், அதையும் கைபேசியில் கலைத்துப் போட்டுக் கேட்கிறார்கள். வாசகரே, 'எபிடாஃப்' கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம். நடுவில் நிறுத்தாதீர்கள். வயலின்கள் எங்கே மூச்சு வாங்குகின்றன என்று மட்டும் கவனியுங்கள்.