மணவாளக்குறிச்சி மோனசைட் அகழ்வும் முதல் உலகப் போரும்

தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டே திருவிதாங்கூர்க் கடற்கரை மோனசைட்டை ஜெர்மானிய வேதியியலாளர் சோம்பெர்க் 1909இல் கண்டறிந்ததாகக் கூறப்படுகிறது. அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிப்பு ஆலை எழுந்தது. மோனசைட்டிலுள்ள தோரியம் எரிவாயு விளக்கின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. பிற்காலப் பெட்ரோமாக்ஸிலும் எரிந்தது அதுவே. மேண்டிலில் ஏறத்தாழ 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடு. இவ்வணிகத்தில் ஜெர்மனி பெற்றிருந்த ஆதிக்கம் போரோடு முடிந்தது: சோம்பெர்க் கைதானார், அகழ்வு பிரித்தானியர் வசமாயிற்று. அவர்மீதான உளவுக் குற்றச்சாட்டே மிகுதியும் பேசப்படினும், ஆய்வுக்கு முதன்மையானது இவ்வுரிமை மாற்றமே. அன்று இவ்வூர் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956இல்தான். எனவே சென்னை ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிடாமல், திருவனந்தபுரத்து ஆவணங்களையும் இலண்டனிலுள்ள இந்திய அலுவலகப் பதிவேடுகளையும் ஆய்வாளர் ஒப்புநோக்குதல் வேண்டும்.