பூச்சியைவிட மருந்துக்குப் பயப்படுங்கள்

அத்திப்பள்ளி, சந்தாபுரா, ஜிகணி என்று பெங்களூரு அருகே ஆனேக்கல் தாலூகா முழுக்க அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. செப்டம்பர், அக்டோபர் மழையில் சுவர் ஓதம் ஏறியிருக்கும்போது பீரோவைத் திறந்தால், கிரயப் பத்திரத்தின் மடிப்பிலிருந்து வெள்ளி நிறத்தில் ஏதோ சர்ரென்று ஓடும். உடனே மருந்தடிக்க ஆள் தேடுகிறோம். அதற்கு முன், ஓடியது என்ன என்று பார்த்துவிடுவது நல்லது.

அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடக்குறைய நீளம், இறக்கை இல்லை, தலையில் இரண்டு நீண்ட உணர்கொம்புகள், வாலில் மூன்று இழைகள் என்றால் அது ராமபாணப் பூச்சி. மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு: புத்தகக் கட்டின் பசை, பழைய காகிதம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. தாளின் மேல்பரப்பைச் சுரண்டித் தின்னும், மஞ்சள் கறையும் மிளகுப் பொடி போன்ற எச்சமும் விட்டுவைக்கும். தாள்களை ஊடுருவி உருண்டையான துளை போயிருந்தால் அது வண்டின் புழு. சுவரில் மண் தடம் தெரிந்தால் கரையான். அவற்றுக்கு வைத்தியம் வேறு.

ராமபாணம் கடிக்காது, நோய் பரப்பாது. சிலருக்கு ஒவ்வாமை தரலாம், அவ்வளவே. பல மாதம் பட்டினி கிடந்தும் பிழைக்கும். ஆனால் ஈரம் இல்லாமல் அதனால் பெருக முடியாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மூலைதான் அதன் வீடு. ஓதத்தை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் கொன்றால் அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

பயப்பட வேண்டியது மருந்துக்குத்தான். 2022 ஆகஸ்டில் பெங்களூரு வசந்த்நகரில், பூச்சிமருந்து அடித்த வாடகை வீட்டுக்குத் திரும்பிய குடும்பத்தில் 8 வயதுச் சிறுமி இறந்தாள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தன. இவை ராமபாணத்துக்காக அடித்தவை அல்ல. ஆனாலும் மூடிய அறையில் மருந்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, மருந்தடிக்கும் தொழிலுக்கு உரிமம் கட்டாயம். வருகிறவரிடம் அதைக் கேளுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மணி நேரம் கழித்து வீட்டுக்குள் வரலாம் என்பது இரண்டையும் எழுதி வாங்குங்கள். லேபிள் இல்லாத பாட்டில் என்றால் திருப்பி அனுப்புங்கள். டைக்குளோர்வாஸ் என்ற மருந்தையும் ஏற்காதீர்கள், அது 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. சேவையில் குறை இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்கும் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

வீட்டு அளவில் செய்யக்கூடியது எளிது. பீரோவைச் சுவரை விட்டு நகர்த்துங்கள், அட்டைப்பெட்டிகளைக் கழித்துவிடுங்கள், பத்திரங்களை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கண்ணாடி பாட்டிலின் வெளிப்புறம் டேப் சுற்றி உள்ளே ரொட்டித்துண்டு போட்டு வைத்தால், ஏறி விழுந்த பூச்சி வழவழப்பில் மேலே வர முடியாது. அந்துருண்டை வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம், ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு அது ரத்த அணுக்களைச் சிதைக்கும். பத்திரமே அரிக்கப்பட்டிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

ஓதம் கட்டுமானக் கோளாறாலும் வரலாம். அப்போது செலவு உங்களுடையது அல்ல. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் (ரெரா) சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் வேலைத்தரக் குறையை, புகார் செய்த 30 நாளில் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் கர்நாடக ரெரா ஆணையத்துக்குப் போகலாம். வாடகைக்கு இருப்பவர்கள், பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

சுவர்க் கசிவைப் படம் எடுங்கள். தேதி போட்டு இந்த வாரமே பில்டருக்கு எழுதுங்கள், அந்த 5 ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.