மேம்பாலம் எங்கே இறங்கும்?

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரி நெடுஞ்சாலையில், அல்வாலை ஒட்டி இருக்கிறது லோத்குண்டா. அதே சாலையில் வடக்கே ஷாமிர்பேட். அதையும் தாண்டினால் தடுப்பூசி நிறுவனங்களும் ஆய்வுக்கூடங்களும் நிறைந்த ஜீனோம் வேலி. ராணுவக் கன்டோன்மென்ட் நிலத்துக்குள் சாலையை அகலப்படுத்த முடியாமல் பல ஆண்டுகள் நெரிசல். பாதுகாப்பு அமைச்சகம் நிலம் தர ஒப்புக்கொண்ட பிறகு, பாரடைஸ் சந்திப்பிலிருந்து ஷாமிர்பேட் வரை உயர்மட்டச் சாலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள்.

பயண நேரம் குறையும். வழியில் இருக்கும் ஊர்களின் வருமானம் உயருமா?

அளந்து சொல்வது சுலபமில்லை. சாலை வந்து ஊர் வளர்ந்ததா, வளரும் ஊர் என்று தெரிந்தே சாலை போட்டார்களா? இந்தச் சிக்கலைப் பொருளியலாளர் டேவ் டொனால்ட்சன் அவிழ்த்த விதம் அழகானது. பிரிட்டிஷ் இந்தியாவின் ரயில் பாதைகளை ஆராய அவர் கையில் எடுத்தது உப்பு. சாம்பர் ஏரி உப்பு அந்த ஏரியில் மட்டுமே விளையும். ஆகவே வேறு ஊரில் அதன் விலை எவ்வளவு கூடுதலோ, அது பெரும்பாலும் கொண்டுபோகும் செலவுதான். மாட்டுவண்டி ஒரு நாளில் 30 கிலோமீட்டர் போவதே பெரிது; ரயில் 600 கிலோமீட்டர் போனது. ரயில் வந்த மாவட்டத்தில் வேளாண் வருமானம் சுமார் 16 சதவீதம் உயர்ந்ததாக அவர் கணக்கிட்டார். திட்டமிட்டும் போடாமல் விட்ட பாதைகளின் ஓரத்தில் அந்த உயர்வு தென்படவில்லை. காரணம் ரயில்தான் என்று நம்ப அதுவே வலுவான சான்று.

ஆனால் சாலை இரு பக்கமும் ஓடும். சீனாவின் தேசிய நெடுஞ்சாலைகளை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபேபர், பெருநகரங்களோடு இணைந்த சிறிய வட்டாரங்களில் தொழில் வளர்ச்சி தளர்ந்ததைக் கண்டார். உற்பத்தி பெரிய ஊர்களில் குவிந்தது. இந்தியாவில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஆஷரும் நோவோசாதும், சாலை வந்ததும் மக்கள் வயலை விட்டு வெளி வேலைக்குப் போனதையே முக்கிய மாற்றமாகக் குறித்தார்கள். கிராமத்தின் வருமானம் பெரிதாக மாறவில்லை.

அப்படியானால் கேட்க வேண்டியது இதுதான்: ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை வேலைகளுக்குப் போய்ச் சேரலாம்? ஒரு முதலாளிக்கு எத்தனை தொழிலாளர்கள் கிடைப்பார்கள்? உற்பத்தித்திறனைத் தூக்குவது இந்த எட்டும் தூரம். தகுதிக்கேற்ற வேலை கிடைக்கிறது, உதிரிபாகம் பக்கத்திலேயே கிடைக்கிறது, ஒருவர் கற்றது அடுத்தவருக்கும் பரவுகிறது. தலைக்கு மேலே பறக்கும் சாலையால் இவையெல்லாம் கீழே இருப்பவருக்குத் தானாக வந்துவிடாது.

ஆகவே லோத்குண்டாவுக்கு முக்கியமானது பாலத்தின் நீளமல்ல, ஏறி இறங்கும் சரிவுப்பாதைகள் எங்கே அமைகின்றன என்பது. ஜீனோம் வேலியில் வேலை செய்யும் பெண் அல்வாலில் பஸ் ஏறி அந்தப் பாதையில் போக முடிய வேண்டும். எட்டும் தூரத்தைக் கூட்ட ரயிலும் உண்டு: 2023 ஏப்ரலில் மேட்சல் வரை நீண்ட எம்எம்டிஎஸ் புறநகர் ரயில் அல்வால் வழியாகத்தான் ஓடுகிறது. ஷிஃப்ட் நேரத்துக்கு ஒத்துவருமாறு அந்த ரயில்களை விடுவதற்குப் பாலம் கட்டும் செலவில் சிறு பகுதிகூட ஆகாது. பாலம் முடியும்வரை அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.