பழைய காருக்குப் புதிய ஸ்பார்க் பிளக்

கார்க் கடனின் தவணைகள் பெரும்பாலும் ஏழு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுகின்றன. காரின் ஆயுள் அத்துடன் முடிவதில்லை. மாருதி 800, அம்பாசிடர் ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆயினும் இவ்வண்டிகளை இன்றும் சாலைகளில் காண்கிறோம். பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்த பின்னரும் பலர் தம் வண்டியைக் கைவிட மனமின்றி வைத்திருக்கின்றனர். (கடனை அடைத்தவர்கள், பதிவுச் சான்றிதழிலுள்ள வங்கியின் பெயரைப் படிவம் 35 வாயிலாக நீக்கிக்கொண்டார்களா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.)

இத்தகைய வண்டிகளுக்கு ஸ்பார்க் பிளக் வாங்கும்போது, கேட்ட எண் இல்லையெனில் கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டி, "இதுவும் அதேதான், பொருந்தும்" என்பார். பொருந்தவும் செய்யும். சிக்கலே அங்குதான் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் பிளக்கின் மரை விட்டம் 14 மில்லிமீட்டர்தான். ஆகவே தவறான பிளக்கும் தடையின்றி உள்ளே இறங்கிவிடும். மரைப்பகுதியின் நீளமோ ஒன்றில் 12.7 மில்லிமீட்டர், மற்றொன்றில் 19 மில்லிமீட்டர் என வேறுபடும். குட்டையானது வரவேண்டிய இடத்தில் நீளமானதை மாட்டினால், மேலெழும் பிஸ்டன் அதன் முனையில் மோதக்கூடும். சில நூறு ரூபாய்ப் பொருள் இஞ்சினையே பிரிக்கும் செலவில் கொண்டுபோய் விடுவது இவ்வாறுதான். நீளமானது வரவேண்டிய இடத்தில் குட்டையானதை மாட்டினால் உடனடியாக ஒன்றும் உடையாது. ஆனால் வெறுமையாக நிற்கும் மரைகளில் கரி படிந்து, பின்னர் சரியான பிளக்கை இறக்க முயலும்போது மரையே அறுந்துபோகலாம். மாருதி 800 போன்று அலுமினிய சிலிண்டர் ஹெட் உடைய வண்டிகளில் இவ்வாபத்து மிகுதி.

அமரும் இடத்தையும் நோக்க வேண்டும். சில பிளக்குகள் வாஷருடன் தட்டையாக அமர்பவை. சில வாஷரின்றிக் கூம்பாக அமர்பவை. ஒன்றிற்கு மற்றொன்று மாற்றாகாது.

இவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத அளவு ஒன்று உண்டு. அதுவே வெப்ப எண். பிளக்கின் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், தன்மேல் படியும் கரியை எரித்துத் தள்ள இயலாது. 850 டிகிரியைத் தாண்டினாலோ தீப்பொறி பிறக்கும் முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். இவ்விரு எல்லைகளுக்குள் முனையை நிறுத்துவதற்காகவே, வெப்பத்தை விரைவாகக் கடத்தும் 'குளிர்ந்த' பிளக், மெதுவாகக் கடத்தும் 'சூடான' பிளக் என வகைகள் அமைந்துள்ளன.

நமக்கு வியப்பளித்தது இவ்வெண்களின் போக்கு. என்ஜிகே நிறுவனத்தின் பிளக்கில் எண் ஏற ஏற அது குளிர்ந்த வகை. பாஷ், சாம்பியன் ஆகியவற்றிலோ எண் ஏற ஏறச் சூடான வகை. என்ஜிகேயின் பிபி6இஎஸ் பிளக்கிற்கு இணையானது பாஷின் டபிள்யூ7டிசி. பிபி5இஎஸ் பிளக்கிற்கு இணையானது டபிள்யூ8டிசி. ஒன்றில் எண் இறங்கும்போது மற்றதில் ஏறுவதைக் காணலாம். எனவே எண்ணை மட்டும் ஒப்பிட்டு வேறு நிறுவனத்தின் பிளக்கை வாங்குவது, இரு வங்கிகளின் கணக்கு எண்களை ஒப்பிடுவது போன்றதே. வண்டியின் கையேட்டில் உள்ள முழுக் குறியீட்டையும், எழுத்துகள் உட்பட, எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். கையேடு தொலைந்திருந்தால் பிளக் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலைக் கேளுங்கள். கழற்றிய பழைய பிளக்கை மட்டும் நம்ப வேண்டாம். முன்னர் மாட்டியவர் சரியானதைத்தான் மாட்டினாரா என்பது யாருக்குத் தெரியும்?

ஆயினும் பழைய பிளக்கிடம் கேட்டறிய வேண்டிய செய்தி வேறுண்டு. முனை இளம்பழுப்பாக இருந்தால் இஞ்சின் நலமாக உள்ளது. உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியாகச் செல்வதைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கலாம். இதற்குப் புதிய பிளக் மருந்தாகாது. வெளுத்துக் கொப்புளித்த முனை அதிக வெப்பத்தின் அடையாளம். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருடையது என்பது மாறாமல் வரிசையாக எடுத்து வைக்குமாறு மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.

இரிடியம் பிளக் வாங்கலாமா என்று கேட்போர் உளர். அது நெடுநாள் உழைக்கும் என்பது உண்மை. எனினும் சாதாரண பிளக்கிற்கென வடிவமைத்த பழைய இஞ்சினில், ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில், அவ்விலை திரும்பி வருவது அரிது என்பதே நம் கணக்கு.

மாட்டுவதற்கு முன் மின்முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை ஃபில்லர் கேஜ் கொண்டு அளந்து, கையேட்டில் குறித்தவாறு அமைக்க வேண்டும். இஞ்சின் நன்கு ஆறிய பின், முதலில் கையாலேயே இறுதிவரை திருகிப் பின்னரே ஸ்பேனரை எடுக்க வேண்டும். வாஷருடன் வரும் புதிய 14 மில்லிமீட்டர் பிளக்கிற்கு அதன்பின் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள்ளான திருகலே போதும்.